பின்பலகை பூட்டாத பெட்டி

ராத்தாவின் வீட்டில் பின்பக்கம் மூடியபடி இருந்த மின்சாரச் சாமான் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மின்விசிறியின் மோட்டார் வெளியே தெரியும். ரேடியோ முதுகில்லாமல் அலுமாரிக்கு மேல் நிற்கும். அயன் பெட்டியின் கைப்பிடியைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு, திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்குரூவை வேண்டுமென்றே விட்டுவிடுவார். அடுத்த முறை திறக்கச் சுகம் என்பார். சுவர்க் கடிகாரம் மட்டும் மூடியிருந்தது. அதற்குள் பல்லி முட்டையிட்டபடியால்தான் அதுவும்.

நில அளவை அலுவலகத்தில் வேலை கிடைத்து நான் வடக்கிலிருந்து கண்டிப் பக்கம் வந்தபோது, திகனையில் அவர்களுடைய மேல்மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. அவரை அந்தத் தெருவில் எல்லோரும் ராத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா என்று அர்த்தம். வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவருடைய கணவரை நான் நானா என்பேன், அண்ணா என்பதுபோல. கடைத்தெருவில் நானாவுக்கு ஒரு தளபாடக் கடை இருந்தது. பின்னால் பட்டறை, முன்னால் அலுமாரிகளும் கட்டில்களும். ஒரே மகள் கல்யாணம் முடித்துக் கம்பளையில் இருந்தாள்.

முதல் நாள், நான் பெட்டியை இறக்கி வைத்து மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை. ராத்தா தேத்தண்ணியோடு மேலே வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"நீங்க வன்னியிலயா ஈந்தீங்க, தங்கச்சி?"

"ஓம் ராத்தா. கடைசி மட்டும் அங்கதான்."

"பங்கர் எண்டு செல்லுறாங்களே, அதுக்குள்ள காத்து எப்பிடி வாறது?"

நான் அவரைப் பார்த்தேன். என் அலுவலகத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். யுத்தம் என்று பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்துவார்கள், பாவம் என்பார்கள், பிறகு மழையைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ பேசத் தொடங்குவார்கள். காற்று எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கீறிக் காட்டினேன். இந்தப் பக்கத்தால் இறங்குவோம், இங்கே ஒரு வளைவு, மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண் மூட்டை, இந்த மூலையில் ஒரு ஓட்டை.

"மழ பெஞ்சா?"

"தண்ணி நிக்கும். சட்டியாலை அள்ளி ஊத்துவம்."

"பாம்பு வராதா?"

"வரும். அதுக்கும் ஷெல்லடிக்குப் பயம்தானே ராத்தா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதைப் பற்றிச் சிரிக்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

எல்லோருக்கும் அவருடைய கேள்விகள் பிடித்திருந்தன என்று சொல்ல மாட்டேன். செத்த வீட்டுக்குப் போனால் கடைசியாக என்ன பேசினார் என்று விதவையிடம் கேட்பார். டொக்டரிடம் அவர் எழுதிய மருந்துத் துண்டைக் காட்டி, இந்த மருந்து உடம்புக்குள் போய் எந்த இடத்தில் வேலை செய்யும் என்று கேட்பார். கல்யாண வீட்டில் சம்பந்தக்காரர்களிடம் அவர் வாயைத் திறந்ததும் நானா எழுந்து வாகனத்தைப் பார்க்கப் போய்விடுவார். வம்புக்காக அவர் கேட்பதில்லை. கேட்டதை வேறு இடத்தில் போய்ச் சொல்லும் பழக்கமும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பதில் கிடைத்தால் மின்விசிறிக்குள் பார்த்து முடித்ததுபோல அதை அங்கேயே விட்டுவிடுவார்.

ராத்தாவின் பள்ளிக்கூடக் காலத்தில், கண்டி மார்க்கெட் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்ததாம். சப்பாத்து வாங்க வாப்பாவுடன் போனபோது, அந்தக் கடைக்காரர் ஒரு பெட்டியின் பின்கதவைச் சாவி போட்டுத் திறந்ததை ராத்தா தெருவில் நின்று கண்டிருக்கிறார். உள்ளே ஒரு பெரிய தகடு, பாம்புக்குட்டிகள்போல வயர்கள். அதற்குள் வாப்பா கையைப் பிடித்து இழுத்துவிட்டார். பொம்பிளைப் பிள்ளை பார்க்கும் இடமா இது என்றாராம். கடைக்காரர் தமிழர். எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்துபோனது.

"அந்தப் பொட்டிக்குள்ள எனத்த ஈந்த எண்டு எனக்குத் தெரியாமலே போச்சு" என்று ராத்தா சொல்வார். கடைக்காரர் என்ன ஆனார் என்பதையும் அவர் பல பேரிடம் கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் அங்கே போன அடுத்த வருஷம், கட்டாரில் வேலை செய்த மருமகன் விடுமுறையில் வந்து, எதற்கோ வாங்கிக் கைவிட்ட ஒரு சின்னக் கணினியை அந்த வீட்டில் போட்டுவிட்டுப் போனான். சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பச்சைத் தகடு, ஓரத்தில் முள்ளுப்போல ஊசிகள். ராத்தா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். இங்கிலீஷ் வாசிக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்.

"இது முழுக் கொம்பியூட்டரா?"

வாசித்துப் பார்த்தேன். "ஓம் ராத்தா. முழுசுதான்."

"விசிறி எங்க?"

"தேவையில்லையாம். போன் சார்ஜரிலையே வேலை செய்யுமாம். சின்ன மெமரி கார்ட் ஒண்டுக்குள்ளை எல்லாத்தையும் போடலாமாம். பழைய வீடியோ கேம் எல்லாம் ஓடும் எண்டு போட்டிருக்கு."

அவர் தகட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "அப்ப மத்தக் கொம்பியூட்டரெல்லாம் எனத்துக்கு அவ்வளவு பெருசு?" என்றார் பிறகு.

உயரம் போதாதென்று யாரோ எடுக்காமல் விட்ட அலுமாரி ஒன்று நானாவின் பட்டறையில் கிடந்தது. கண்டிக் கடையில் கண்டதுபோல ஒரு விளையாட்டுப் பெட்டி செய்ய ராத்தா அதைக் கேட்டு வாங்கினார். "கதவு போட்டா அது அலுமாரி. நீங்க எனத்த போடப் போறீங்க?" என்று நானா கேட்டார். டீவி என்றார் ராத்தா. நானா தலையில் கை வைத்தார், ஆனால் பலகை அறுத்துக் கொடுத்தார். பழைய டீவி ஒன்றைச் சாய்த்து உள்ளே இறக்கினார்கள். அதற்குக் கீழே ஒரு பலகையில் துளை போட்டுப் பொத்தான்களும் ஒரு கைப்பிடியும். ஒவ்வொரு பொத்தானிலிருந்தும் இரண்டு வயர் வரும். ஒன்று அதற்கென்று உள்ள ஊசிக்குப் போக வேண்டும், மற்றது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே இடத்துக்கு. ராத்தா தையல் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிற நூல் கட்டினார். கணினியை நான்கு ஸ்குரூ போட்டு உட்பலகையில் இருத்தினார். பெட்டிக்குப் பின்பலகை போடவில்லை.

பொத்தான் வாங்கக் கண்டிக்கு ஏற்றி இறக்கியது நுவன். பக்கத்து ஒழுங்கையில் தாயுடன் இருந்த சிங்களப் பொடியன், சொந்த ஓட்டோ. இருபத்தைந்து தாண்டியிருப்பான். ராத்தாவை அக்கே என்பான், அவர் அவனைத் தம்பி என்ற அர்த்தத்தில் மல்லி என்பார். பேச்சு சிங்களத்தில் நடக்கும், எனக்கும் விளங்கும். பெட்டி வேலை செய்யத் தொடங்கியதும் அவன்தான் அதில் கெட்டிக்காரன். பின்னேரங்களில் ஓட்டோவை வாசலில் விட்டுவிட்டு வந்து விமானம் சுடுவான். தெருவில் உள்ள மற்றவர்களும் வருவார்கள். நுவனின் அம்மாகூட ஒரு நாள் வந்து, கட்டை அடுக்கும் விளையாட்டை விளையாடிவிட்டுக் கண் வலிக்கிறது என்று போனார்.

ராத்தா விளையாடி நான் கண்டதில்லை. மற்றவர்கள் முன்னால் விளையாடும்போது அவர் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, தகட்டில் மினுங்கும் சின்னப் பச்சை லைட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மல்லி சுடுறப்ப இது மினுங்கல்ல, தங்கச்சி. புது விளையாட்டு ஒண்டத் தொறக்கிறப்பதான் மினுங்குது. கார்ட்ட வாசிக்குது போல."

இன்னொரு நாள் திரையின் மூலையில் மஞ்சள் நிற மின்னல் அடையாளம் ஒன்று வந்து வந்து போனது. எதிரி வரப்போகிறான் என்பதற்கு அடையாளம் அது என்று நுவன் எல்லோருக்கும் விளக்கினான். அது வந்தால் ஓரமாக ஒதுங்குவான், அதற்குப் பலனும் கண்டதாகச் சொன்னான். ஒருவரும் விளையாடாத நேரத்திலும் மின்னல் வருவதை ராத்தா கவனித்தார். நான் தேடி வாசித்தேன். கரண்ட் போதவில்லை என்று அந்தச் சின்னக் கணினி காட்டும் அடையாளமாம். சார்ஜர் வயரை மாற்றினார், மின்னல் போய்விட்டது. நுவனுக்குத்தான் மனவருத்தம். அது இருந்தபோது தான் நன்றாகச் சுட்டதாக நீண்ட நாள் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பிறகு அந்த மார்ச் மாதம் வந்தது. தெருச் சண்டை ஒன்றில் அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று செய்தி பரவியது. இறந்தவர் சிங்களவர், அடித்தவர்கள் முஸ்லிம்கள். அவரை அடக்கம் செய்ய இருந்த நாளில் எங்கள் அலுவலகத்தை மத்தியானத்தோடு மூடினார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது நானாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கடைத்தெருப் பக்கமிருந்து ஒரு கூட்டத்தின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கைகள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கின. அடையாள அட்டை, சான்றிதழ்கள், தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட். கீழே இறங்கி வந்தால் ராத்தா யன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"வெளிக்கிடுங்கோ ராத்தா."

"இவங்க எந்த ஊர்க்காரங்க? இந்தப் பக்கத்து ஆக்கள் மாதிரி இல்லயே."

"அதைப் பிறகு பாப்பம். செருப்பைப் போடுங்கோ."

பின்வேலியால் இறங்கி மிளகுத் தோட்டத்துக்குள் போனோம். நானாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து ஓடும்போதும் ராத்தா கேட்டார்: "ஒங்கட ஊர்லயும் இப்பிடித்தானா, தங்கச்சி?"

"எங்களுக்கு மேலயிருந்து வரும். இது ரோட்டாலை வருது."

கடைத்தெருப் பக்கம் புகை எழும்பியது. பலகை எரியும் மணம் வந்ததும் நானா நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். எந்தக் கடை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ராணுவம் வந்த பிறகு, நானாவின் சிநேகிதர் ஒருவர் லொறியில் எங்களைக் கம்பளைக்கு, மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஊரடங்கைத் தளர்த்தியதும் திரும்பி வந்தோம். சந்தியில் ஆமிக்காரன் ஒருவன் எங்கள் பைகளுக்கு மேல் ஒரு கருவியைப் பிடித்துப் பார்த்தான். நான் அடையாள அட்டையை நீட்டியபடி நின்றேன். ராத்தா அவனிடம், இது இரும்புக்கு மட்டும் சத்தம் போடுமா, பித்தளைக்கும் போடுமா என்று கேட்டார். அவன் திகைத்து, அவருடைய பையில் இருந்த பித்தளைப் பூட்டின்மேல் பிடித்துக் காட்டினான். அது சத்தம் போட்டது. "ஸ்தூதி, மல்லி" என்று நன்றி சொல்லிவிட்டு நடந்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தியில் கேள்வி கேட்டவர் வேறு ஒருவரையும் நான் கண்டதில்லை.

கடை முற்றாகப் போய்விட்டது. வீடு எரியவில்லை. யன்னல்கள் நொறுங்கி, குசினிச் சாமான்கள் சிதறி, முன்ஹோலில் அந்த விளையாட்டுப் பெட்டி குப்புறக் கிடந்தது. டீவித் திரையில் பொல்லால் அடித்த குழி. நானா ஒரு கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். ராத்தா பெட்டியின் பின்பக்கம் குந்தியவர் எழும்பவே இல்லை.

"தங்கச்சி, இங்க வாங்க."

சின்னக் கணினி அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வயர்கள் ஒன்றும் அறுபடவில்லை, நிற நூல்களோடு ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தது. நான்கு ஸ்குரூவும் யன்னல் படியில், தேத்தண்ணிச் சோசர் ஒன்றுக்குள் கிடந்தன. ஒன்றைக் கழற்றினால் ஸ்குரூவைச் சோசருக்குள் போடுவது ராத்தாவின் வழக்கம்.

"இது தெரிஞ்ச கை" என்றார்.

"போலீசுக்குச் செல்லுங்க" என்றார் நானா, சுவரைப் பார்த்தபடியே.

போலீசுக்கும் போக வேண்டாம், ஒருவரிடமும் கேட்க வேண்டாம் என்று நான் சொன்னேன். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் பிறகு இந்தத் தெருவில் எப்படி இருப்பது. நான் வளர்ந்த இடத்தில் அப்படித்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம். ராத்தா அபாயாவை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

நுவனின் ஓட்டோ வாசலில் தார்ப்பாயால் மூடியபடி நின்றது. அவனுடைய அம்மா எங்களைக் கண்டதும் ராத்தாவின் இரண்டு கையையும் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இருத்தினார். அழுதார். தேத்தண்ணி போடப் போனார். நுவன் பின்பக்கத்தால் வந்தான், எங்களைப் பார்த்ததும் கதவு நிலையிலேயே நின்றான்.

ராத்தா சுற்றி வளைக்கவில்லை. "மல்லி, அந்தச் சின்னது ஒன்கிட்டயா ஈக்கி?"

அவன் உள்ளே போய் மடித்த பெனியன் ஒன்றைக் கொண்டுவந்தான். அதற்குள் இருந்தது. "ஒரு வயரும் அறுக்கல அக்கே."

"டீவிய ஒடச்சது?"

"நான்தான்." நிலத்தைப் பார்த்தான். "எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒண்ணும் செய்யாம நிக்க முடியல."

"கட?"

"கடைக்கு நான் போகல. சத்தியமா போகல."

ராத்தா தலையாட்டினார். இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்து அவருடைய கையைத் தொட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதக் கழட்ட நேரம் எடுக்கும், மல்லி. அவங்க உள்ளுக்கு வந்த பொறகு நீ இதக் கழட்டல்ல. நாங்க பின்னால போன ஒடனே வந்திருக்காய்."

"ஆமா."

"அப்ப அவங்க வாறாங்க எண்டு ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவனுடைய அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார்.

"காலையிலேயே தெரியும்."

"என்ட நம்பர் ஒன்ட போன்ல ஈக்கிதானே."

"இருக்கு. எடுத்தேன் அக்கே. நம்பரைப் போட்டுட்டு வச்சிட்டேன்." இப்போதுதான் அவன் அவருடைய முகத்தைப் பார்த்தான். "நான் சொன்னா, யார் சொன்னதுன்னு நீங்க கேப்பீங்க. நீங்க கேக்கத் தொடங்கினா விடமாட்டீங்க. நான் சொல்லிடுவேன். பிறகு என்னால இந்த ஊர்ல இருக்க முடியாது."

தட்டு மேசையில் பட்ட சத்தம் கேட்டது. அம்மா உள்ளே போய்விட்டார். ராத்தாவின் வாய் ஒரு முறை திறந்தது. அடுத்து அவர் கேட்கப்போவது என்ன என்று எனக்கும் தெரியும், நுவனுக்கும் தெரியும். அவன் சுவரில் சாய்ந்து அதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். ராத்தா கேட்கவில்லை. பெனியனைத் திரும்பவும் மடித்துக் கையில் எடுத்தார், எழும்பினார், இரண்டு வாய் தேத்தண்ணி நின்றபடியே குடித்து, கோப்பையைத் தட்டில் வைத்தார். வெளியே வந்தோம்.

நடந்ததை அவர் நானாவிடம் ஒளிக்காமல் சொன்னார். அடுத்த கிழமை போலீஸ்காரர் ஒருவர் வாக்குமூலம் எடுக்க வீட்டுக்கு வந்தார். மேல்மாடியில் என் சாமான்களும் உடைந்திருந்ததால் நானும் இருந்தேன். யாரையாவது அடையாளம் கண்டீர்களா என்று கேட்டார்.

"நாங்க மிளகுத் தோட்டத்தில ஈந்தம். ஒத்தரயும் காணல்ல" என்றார் ராத்தா.

போலீஸ்காரர் போன பிறகு நானா குரலை உயர்த்தினார். நான் அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் அந்த ஒரு தடவைதான். "என்ட கடைய எரிச்சவங்களோட வந்தவன். அவன எனத்துக்கு மறைச்ச?"

"அவர் யாரு யாரு எண்டு மட்டும்தான் கேட்டார். எனத்துக்கு எண்டு கேக்கல்ல" என்றார் ராத்தா. "கேட்டிருந்தா செல்லி ஈப்பன்."

நானா அன்று சாப்பிடவில்லை. அவர் பக்கத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருபது வருஷமாக அவர் கட்டிய கடை அது.

அதற்குப் பிறகு சில மாதம் ராத்தா வேறு ஆளாக இருந்தார். நான் வேலை முடிந்து வந்தால் சாப்பிட்டீங்களா என்பார், வேறு ஒன்றும் கேட்கமாட்டார். மின்விசிறி நின்றுபோனபோது அதைத் திறக்காமல், திருத்தக் கொடுங்கள் என்று நானாவிடம் கொடுத்தனுப்பினார். திருத்திய கடைக்காரர் பின்மூடியைப் பூட்டி அனுப்பியிருந்தார். அது அப்படியே இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து, நானா வாடகைக்கு ஒரு சின்ன இடம் பிடித்துத் திரும்பவும் பலகை சீவத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஓட்டோ நின்றது. நுவன் பாவித்த பழைய டீவி ஒன்றை இறக்கினான். நானா அவனைக் கண்டதும் எழுந்து பின்வளவுக்குப் போய்விட்டார். ராத்தா கதவைத் திறந்துவிட்டார்.

பெட்டியை நிமிர்த்தி, உடைந்த பக்கப்பலகைக்கு ஆணி அடித்து, டீவியை இறக்கினார்கள். ராத்தா பெனியனை விரித்துக் கணினியை எடுத்துக் கொடுத்தார். அவன் பெட்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு வயர்களைப் பூட்டினான். அவர் முக்காலியில் இருந்து நிறங்களைச் சொன்னார், செவப்பு முதல்ல, பொறகு நீலம். நான் குசினியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நிறம் சொல்லும் குரல் நின்றது. நுவனின் குரல் மட்டும் கேட்டது, மிக மெதுவாக. ராத்தா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை என்பதை நான் கண்ணால் கண்டேன். அவனாகத்தான் சொன்னான்.

அவன் போன பிறகு ராத்தா தேத்தண்ணி கேட்டார். அவருக்கும் எனக்கும் ஊற்றினேன். அவருடைய முகம் வெளுத்திருந்தது.

"அண்டைக்குக் காலையிலை அவனுக்குச் சொன்னது யாராம் ராத்தா?" என்றேன். நான் ஒருவரிடமும் இப்படிக் கேட்பவள் அல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நமக்குத் தெரிஞ்ச ஆள்தான். கடைத்தெருவில ஈக்கிறவர்."

"நானாவுக்குச் சொல்லப் போறியளா?"

"இல்ல. செல்லிட்டா அவரால அந்தப் பக்கம் நடக்க ஏலாது. ஒங்களுக்குச் செல்லிட்டா ஒங்களாலயும் ஏலாது. தேத்தண்ணியக் குடிங்க, ஆறுது."

அதற்குப் பிறகு நான் திகனையில் ஒரு வருஷம் இருந்தேன். சனிக்கிழமைகளில் ராத்தாவும் நானும் பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவோம். பாண் கடை, மரக்கறிக் கடை, மருந்துக் கடை, செருப்புத் திருத்துகிறவர், ஆணி விற்கும் கடை. ஒன்றையும் அவர் ஒதுக்கவில்லை. எல்லோரிடமும் பிள்ளைகள் சுகமா என்று கேட்டார், எல்லோரும் அவருக்குச் சிரித்த முகத்தோடு சாமான் கட்டிக் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன்.